தேரடியில் ஒரு மாடி அறை: வெளிநாட்டுப் படிப்புக்குக் கட்டுரை எழுதச் சொல்லித்தரும் ஆசிரியை

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், தையல் கடைக்கு மேல்மாடியில், ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை ஒருவர் குடியிருக்கிறார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுத வழிகாட்டுவதுதான் இப்போது அவருடைய வேலை. பர்சனல் ஸ்டேட்மென்ட், எஸ்.ஓ.பி., மோட்டிவேஷன் லெட்டர் என்று நாட்டுக்கொரு பெயரில் கேட்கிறார்களே, அந்தக் கட்டுரை. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. இணையத்தில் தேடினாலும் கிடைக்க மாட்டார். பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் நானும் போடவில்லை. அந்தச் சந்தில் யாரைக் கேட்டாலும் ‘இங்கிலீஷ் டீச்சர் வீடு’ என்று கை காட்டுவார்கள்.

என் மகளுக்காக அவரிடம் போனோம். கட்டணம் 3,500 ரூபாய். கட்டுரை முடியும்வரை எத்தனை முறை வந்தாலும் அவ்வளவுதான். அந்தப் பணத்துக்கு அவர் தருகிற உழைப்பு பெரிது. குறைகளும் உண்டு, அவற்றையும் எழுதுகிறேன்.

நான் மண்ணடியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவன். கோயில் மலர், கல்லூரி ஆண்டு மலர், ஆய்வேடு, பள்ளி நோட்ஸ் என்று வாழ்நாளில் பாதிக்கு மேல் அடுத்தவர் எழுதியதைப் படித்தே கழிந்திருக்கிறது. ஒரு பத்தியை எழுதியவர் அந்த விஷயத்தை அறிந்து எழுதினாரா, வேறொன்றைப் பார்த்து எழுதினாரா என்பது இரண்டாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் எனக்குப் பெரிய புலமை இல்லை. ஆனால் இந்த வேறுபாடு எந்த மொழியிலும் மறைவதில்லை.

மகள் சிவில் இன்ஜினீயரிங் படித்தவள். நிலத்தடி நீரைப் பற்றி மேற்படிப்பு படிக்க ஆசைப்பட்டு இங்கிலாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து மூன்றுக்கும் விண்ணப்பிக்க முடிவு செய்தாள். மதிப்பெண் பட்டியல், ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு, பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் எல்லாம் ஒரு பக்கம். அவற்றில் இனி மாற்ற ஒன்றுமில்லை. விண்ணப்பிக்கிற நேரத்தில் பிள்ளையின் கையில் மிச்சமிருப்பது இந்தக் கட்டுரை ஒன்றுதான். அதனால்தான் இதில் இவ்வளவு வியாபாரமும் நடக்கிறது.

முதலில் நாங்கள் போனது நகரின் மற்றொரு பகுதியில் இருக்கும் பெரிய கன்சல்டன்சி ஒன்றுக்கு. குளிரூட்டிய அறை, சுவர் முழுக்கக் கொடிகள். அவர்களிடம் கட்டுரை இலவசம். இது போன்ற நிறுவனங்கள் பலவற்றுக்கு மாணவரைச் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகத்திடமிருந்து கமிஷன் வரும், அதனால் அவர்களுக்கு வேகம்தான் முக்கியம். மகள் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தாள், இரண்டே நாளில் கட்டுரை வந்துவிட்டது. வாசித்த எனக்கு உடம்பு நடுங்கியது. சிறு வயதில் அவளுடைய தந்தை அசுத்தமான நீரைக் குடித்து நோயாளியாகிப் படுத்த படுக்கையானார், அன்றே அவள் நீரியல் படிப்பது என்று உறுதி பூண்டாள் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அப்படி ஒரு நோயும் வந்ததில்லை. கேட்டதற்கு, ‘இதையெல்லாம் யாரும் சரிபார்க்க மாட்டார்கள், உணர்ச்சி இருந்தால்தான் சீட்டு கிடைக்கும்’ என்றார் அங்கிருந்த பையன். என் மகள் படித்ததற்கும் உழைத்ததற்கும் மதிப்பில்லை, தந்தையின் பொய்யான நோய்க்குத்தான் மதிப்பு என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னதாகவே அதை எடுத்துக்கொண்டேன். மகளே அந்தத் தாளை மடித்து மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். அன்றைக்கு அவளைப் பற்றி எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு அவளாகவே ஒன்றை எழுதினாள். அதை எடுத்துக்கொண்டுதான் தேரடிக்குப் போனோம்.

அந்த வீட்டின் முன்னறை சிறியது. ஒரு நீள மேசை, நான்கு நாற்காலிகள், அலமாரி நிறைய அகராதிகள். ஆசிரியை பென்சில் தவிர வேறெதையும் கையில் எடுப்பதில்லை. மகள் எழுதியதை ஒருமுறை அமைதியாகப் படித்தார். ‘தண்ணீர் உயிர்களுக்கெல்லாம் ஆதாரம், எனக்குத் தண்ணீர் மீது தணியாத ஆர்வம்’ என்ற கருத்தில் தொடங்கும் முதல் பத்தியை வட்டமிட்டார்.

“எந்தத் தண்ணீரம்மா?” என்று கேட்டார்.

மகளுக்குப் புரியவில்லை. நிலத்தடி நீர் என்றாள்.

“எந்த ஊர்? எந்தக் கிணறு?”

அவளுடைய இறுதியாண்டு புராஜெக்ட்டைப் பற்றிச் சொல்ல வந்தவள் தயங்கினாள். அவளுக்கு உதவலாம் என்று நான் வாயைத் திறந்தேன். “ஐயா, நீங்கள் பொறுங்கள். விண்ணப்பம் அவளுடையது” என்றார் ஆசிரியை. சொன்ன விதத்தில் கடுமை இல்லை, ஆனால் அதற்குப் பிறகு நான் பேசவில்லை.

மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. கடலோரக் குப்பங்களிலும் நெடுஞ்சாலைப் பக்கத்துத் தெருக்களிலும் வீடு வீடாகப் போய், டி.டி.எஸ். மீட்டரால் தண்ணீரில் கரைந்துள்ள உப்பை அளந்திருக்கிறாள். வடசென்னையிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி வரை கடல்நீர் நிலத்துக்குள் ஏறியிருப்பது இங்கே பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதுதான் காரணம். ஆகவே கடலை நெருங்க நெருங்க உப்பு கூடும் என்று எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறாள். ஆனால் அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்த ஒரு பழைய உறைகிணற்றில் லிட்டருக்கு 700 மில்லிகிராம்தான் காட்டியது. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளியிருந்த ஒரு போர்வெல்லில் 2,600. குடிநீரில் 500 வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். உறைகிணற்றுக் கணக்கு தவறாக இருக்கும், அதை விட்டுவிடு என்று கல்லூரியில் சொல்லியிருக்கிறார்கள். இவள் மீட்டரை அளவு தெரிந்த கரைசலில் வைத்துச் சரிபார்த்துவிட்டு மறுபடியும் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். அதே எண்.

“ஏன் அப்படி?” என்றார் ஆசிரியை.

“அந்த வீட்டில் மோட்டார் கிடையாது மேடம். ஓர் ஆயா இருக்கிறார். வாளி போட்டுத்தான் இறைக்கிறார்.”

பென்சில் கீழே இறங்கியது. “இதை ஏன் நீ எழுதவில்லை?”

“புராஜெக்ட் ரிப்போர்ட்டிலேயே சேர்க்கவில்லை மேடம். சின்ன விஷயம் என்று விட்டுவிட்டேன்.”

அதற்குப் பின் அந்த ஆயாவின் கிணற்றைச் சுற்றியேதான் பேச்சு. கடலோர மணலில் மழைநீர் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது என்று மகள் விளக்கினாள். உப்புநீரைவிட நன்னீர் எடை குறைந்தது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும். மேலே அந்த ஓரடியைக் குறைத்தால் அடியிலிருந்து உப்பு அதே கணக்கில் ஏறி வரும். கெய்பன்–ஹெர்ஸ்பெர்க் விதி என்று அதற்குப் பெயராம். நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு டச்சுக்காரரும் ஒரு ஜெர்மானியரும் தனித்தனியே கண்டறிந்தது. வாளியால் இறைக்கும்போது மேலே மிதப்பது மட்டும் வருகிறது. மோட்டார் போட்டு ஆழத்திலிருந்து இழுத்தால் உப்பு கூம்பு போல எழும்பி வருகிறது. அப்படியானால் ஒரு தெரு முழுவதும் எவ்வளவு நீரை, எவ்வளவு மெதுவாக எடுத்தால் உப்பு ஏறாமல் காக்கலாம்? அதைக் கணக்கிட அவளுக்குத் தெரியவில்லை. கல்லூரியில் அவ்வளவு தூரம் சொல்லித்தரவில்லை.

“தெரியவில்லை என்கிறாயே, அதைத்தான் படிக்கப் போகிறாய். அங்கே தொடங்கு” என்றார்.

நான் அச்சகத்தில் எத்தனையோ நல்ல ஆசிரியர்களின் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தியிருக்கிறேன். ஒரு மாணவியின் வாயிலிருந்து அவளுக்கே தெரியாமல் இருந்த விஷயத்தை இப்படிக் கேள்வியாலேயே எடுத்த ஒருவரை நேரில் பார்த்தது அன்றுதான்.

அடுத்தடுத்த வாரங்களில் அவர் செய்தது எல்லாம் ஒழுங்குபடுத்துகிற வேலை. முதல் பத்தியில் இரண்டு கிணறுகள். அடுத்து அவளுக்குத் தெரிந்தது, தெரியாதது. அதன் பிறகு இந்தக் குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடம் அந்தத் தெரியாததை நிரப்பும் என்பது. இதற்காக ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தையும் அச்செடுத்து வரச் சொன்னார். ‘உலகத் தரம் வாய்ந்த உங்கள் பல்கலைக்கழகம்’ என்ற சொற்றொடரை எங்கே கண்டாலும் அடித்தார். நெதர்லாந்து ஏன் என்ற கேள்விக்கு மகள் முதலில் எழுதியிருந்த பதிலை எந்த நாட்டுக்கும் எழுதியிருக்கலாம். இரண்டு முறை திருப்பி அனுப்பிய பிறகு அவளே தேடிக் கண்டுபிடித்து வந்தாள்: ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்கு 1853 முதல் கடலோர மணல்மேடுகளிலிருந்து குடிநீர் வருகிறது. எடுத்து எடுத்து நன்னீர் குறைந்தபோது, 1957 முதல் ரைன் ஆற்று நீரைக் கொண்டுவந்து அதே மணலில் இறங்க விட்டு மீட்டெடுத்தார்கள். நம் பக்கத்தில் 2010-இல் மீஞ்சூரில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. மணலையே தொட்டியாக வைத்துக்கொண்ட ஊரில் போய்ப் படித்துவிட்டு வந்து இங்கே என்ன செய்யலாம் என்று அவள் எழுதிய பத்திதான் அந்தக் கட்டுரையிலேயே உயிரானது என்பேன்.

கடைசிக் கட்டத்தில் வாய்விட்டு வாசிக்கச் சொல்கிறார். எங்கே மூச்சு வாங்குகிறதோ, எங்கே குரல் தானாகச் செயற்கையாகிறதோ, அங்கே ஒரு சிறு கோடு. அச்சகத்தில் ஒருவர் மூலப்பிரதியை வாசிக்க மற்றவர் மெய்ப்பைப் பார்ப்பது எங்கள் வழக்கம். கண்ணுக்குத் தப்பியது காதுக்குத் தப்பாது என்று நான் எப்போதும் சொல்வேன். அந்த அறையில் அதையே வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்துவதைப் பார்த்தேன்.

அதே மேசையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனும் இருந்தான். இங்கிலாந்தில் இளநிலைப் படிப்புக்கு, அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் வழியாக விண்ணப்பிக்கிறவன். 2026-இல் சேர்கிறவர்களிலிருந்து அங்கே முறை மாறியிருக்கிறது. முன்பு போல ஒரே நீளக் கட்டுரை கிடையாது, மூன்று கேள்விகள்: இந்தப் பாடம் ஏன், பள்ளிப் படிப்பு எப்படி உன்னைத் தயார்ப்படுத்தியது, பள்ளிக்கு வெளியே வேறென்ன செய்தாய். மூன்றும் சேர்த்து இடைவெளிகள் உட்பட 4,000 எழுத்துகள், ஒவ்வொன்றும் குறைந்தது 350. அந்தப் பையன் தனக்கு வேதியியலில் ஆர்வம் வந்த கதை ஒன்றை இணையத்தில் பார்த்து எழுதி வந்திருந்தான். ஆசிரியை அவனுக்கு ஒரு செய்தி சொன்னார். 2007-இல் யூகாஸ் அமைப்பு கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, எட்டு வயதில் வேதியியல் விளையாட்டுப் பெட்டியோடு விளையாடி இரவு உடையில் ஓட்டை விழுந்ததால் அறிவியல் ஆர்வம் பிறந்தது என்று 234 பேர் எழுதியிருந்தார்களாம். அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி உடை எரிந்திருக்க வழியில்லை. ஒரே மாதிரிக் கட்டுரையைப் பார்த்து எழுதியிருந்தார்கள். இப்போதும் அங்கே வந்து சேரும் கட்டுரைகளைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்த்து, ஒற்றுமை அதிகமானால் பல்கலைக்கழகத்துக்குத் தெரியப்படுத்துகிறார்கள். ‘யாரும் சரிபார்க்க மாட்டார்கள்’ என்று எங்களிடம் சொன்ன அந்தப் பையனை நினைத்துக்கொண்டேன்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பற்றியும் அவரிடம் கேட்டேன். எழுத்துப்பிழை பார்க்க, பாடத்திட்டத்தைத் தேட வைத்துக்கொள்ளலாம் என்கிறார். எழுதவே கொடுத்தால் அடுத்த நாற்காலியில் இருப்பவனுக்கும் அதே நடையில் வந்து நிற்கும் என்று இரண்டு மாணவர்கள் கொண்டுவந்த தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பெயர்களை மறைத்திருந்தார். இரண்டும் ஒரே கை எழுதியவை என்று நான் சத்தியம் செய்திருப்பேன்.

நாட்டுக்கு நாடு கேட்பது மாறும் என்பதில் அவருக்கு நல்ல தெளிவு இருக்கிறது. ஜெர்மனிக்கு ஒன்றிரண்டு பக்கத்தில், நீ படித்த பாடங்களும் அங்குள்ள பாடங்களும் எப்படிப் பொருந்துகின்றன என்று நேரடியாக எழுத வேண்டும். பிரிட்டிஷ் அரசின் சீவ்னிங் போன்ற உதவித்தொகைக்கு எழுதினால், படித்து முடித்துத் தாய்நாட்டுக்குத் திரும்பி என்ன செய்வாய் என்பதில் கனம் இருக்க வேண்டும். அதை வாங்குகிறவர்கள் இரண்டு ஆண்டுகளாவது நாட்டில் வந்து இருந்தாக வேண்டும் என்பது நிபந்தனையே.

ஓரிடத்தில் எனக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. என் தந்தை துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என் மகள். அதை ஒரு வரியாவது சேர்க்க வேண்டும் என்றேன். “உயர்ந்த விஷயம் ஐயா. ஆனால் கட்டுரையைப் படிப்பவர் அந்தத் துறையின் பேராசிரியர். அவருக்கு இந்தப் பெண் கிணற்றடியில் என்ன செய்தாள் என்று தெரிய வேண்டும்” என்று அதை எடுத்துவிட்டார். அமெரிக்காவில் பெர்க்லி போன்ற பல்கலைக்கழகங்கள் மேற்படிப்புக்கு வாழ்க்கைப் பின்னணியைத் தனிக் கட்டுரையாகவே கேட்கின்றன, அங்கே விண்ணப்பித்தால் தாத்தாவைப் பற்றித் தாராளமாக எழுதலாம் என்றும் சொன்னார். அவர் சொன்ன காரணம் எனக்கு விளங்குகிறது. இருந்தாலும் ஒரு வரி இருந்திருக்கலாம் என்பதே என் கருத்து. மூட்டை சுமந்தவரின் பேத்தி மீட்டரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனதற்கும் அந்தப் பின்னணிக்கும் தொடர்பில்லை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

குறைகளைச் சொல்ல வேண்டும். வேலை மெதுவாகத்தான் நடக்கும். கடைசித் தேதி அடுத்த வாரம் என்று ஓடி வருகிறவர்களை அவர் ஏற்பதில்லை. என் கண்ணெதிரே ஒரு தாயும் மகனும் அப்படித் திரும்பிப் போனார்கள், பார்க்கச் சங்கடமாக இருந்தது. மின்னஞ்சலில் அனுப்பித் திருத்தி வாங்க முடியாது. அச்செடுத்த தாளோடு நேரில்தான் வர வேண்டும், வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இது சிரமம். காலை பத்து மணிக்கு மேல் மதியம் வரைதான் பார்ப்பார். மாடிப்படி செங்குத்து, முட்டி வலி உள்ள பெற்றோர் கீழேயே இருந்துகொள்ளலாம், தையல் கடைக்காரர் நாற்காலி போடுவார். விசா, வங்கிக் கடன், ஜெர்மனிக்குப் போகிறவர்கள் வாங்க வேண்டிய ஏ.பி.எஸ். சான்றிதழ் ஆகியவை பற்றி அவரிடம் கேட்டுப் பயனில்லை. அதற்கெல்லாம் நாங்கள் வேறு இடங்களில்தான் அலைந்தோம்.

மகளுக்கு இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. ஒன்று மறுத்துவிட்டது. கட்டுரையால்தான் கிடைத்தது என்று நான் சொல்லவில்லை, அவளுடைய மதிப்பெண்ணும் நன்றாகவே இருந்தது. கட்டுரையின் ஒவ்வொரு வரியும் அவளுடையது, எந்த நேர்காணலில் எந்த வரியைத் தொட்டுக் கேட்டாலும் அவளால் அரை மணி நேரம் பேச முடியும். நான் பணம் கொடுத்தது அதற்குத்தான்.

போகிறவர்கள் கடைசித் தேதிக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே போங்கள். மதிப்பெண் பட்டியல், புராஜெக்ட் ரிப்போர்ட், விண்ணப்பிக்கும் படிப்பின் பாடத்திட்டம் மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிய முதல் வரைவு எவ்வளவு மோசமாக இருந்தாலும் எடுத்துப் போங்கள், வெறுங்கையோடு வந்தால் எழுதி வரச்சொல்லி அனுப்பிவிடுவார். மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். பௌர்ணமி அன்று மட்டும் தவிர்த்துவிடுங்கள். மேலூர், திருமுல்லைவாயில் கோயில்களோடு சேர்த்து வடிவுடையம்மனையும் ஒரே நாளில் தரிசிக்க வருகிறவர்களின் கூட்டத்தில் அந்தச் சந்துக்குள் நுழையவே முடியாது. அன்று அவரும் கோயிலுக்குப் போய்விடுவார்.